குரலும் தையலும்: லண்டன் கறுப்பினக் கவிஞர்களின் மேடையுடை

அச்சுப் பக்கத்தை நம்பி எழுதப்படாமல், கவிஞரே அவையின் முன் நின்று தம் குரலாலும் உடலாலும் நிகழ்த்துவதற்கென்றே இயற்றப்படும் கவிதை ‘ஸ்போக்கன் வேர்ட்’ எனப்படுகிறது. தமிழில் இதனை நிகழ்த்துகவிதை எனலாம். கவிஞரின் உடலும் கவிதையின் உறுப்பாகிவிடும் இக்கலையில், அவ்வுடல் எதை உடுத்தியிருக்கிறது என்ற வினாவை அலங்காரம் பற்றியது என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் லண்டனின் கறுப்பினக் கவிஞர்களைப் பொறுத்தவரை, ஆணுடையின் மீது அவர்கள் கொண்டிருக்கும் பற்று, அவையில் பேசும் உரிமை யாருக்கு உண்டு என்ற பழைய வழக்கில் அவர்கள் முன்வைக்கும் வாதமாகவே விளங்குகிறது.

அவ்வழக்கு பதினெட்டாம் நூற்றாண்டில் தொடங்குகிறது. உடையைத் தன் ஆளுமையின் கலையாகப் பேணும் ஆடவனை ‘டாண்டி’ என்பர். கறுப்பின டாண்டியின் வரலாற்றை 2009இல் ‘ஸ்லேவ்ஸ் டு ஃபேஷன்’ என்ற நூலில் எழுதிய மோனிகா மில்லர், ஆங்கிலச் செல்வர்கள் தம் வளத்தைக் காட்டுவதற்காகக் கறுப்பினப் பணியாளர்களுக்குப் பகட்டான சீருடை அணிவித்ததையும், அணிவிக்கப்பட்டவர்களே பின்னர் அந்தப் பகட்டைத் தம் வசமாக்கிக்கொண்டதையும் விளக்குகிறார். கரீபியத் தீவொன்றில் அடிமையாகப் பிறந்து, லண்டனில் உடைநேர்த்தியால் பெயர்பெற்று, இறுதியில் கல்கத்தாவில் 1798இல் மறைந்த ஜூலியஸ் சூபிஸ் இம்மரபின் முன்னோடி. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2025இல் நடத்திய ‘சூப்பர்ஃபைன்’ கண்காட்சி இந்நூலை அடியொற்றியதே.

1948 ஜூனில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பலில் டில்பரி துறைக்கு வந்த கரீபியப் பயணிகளின் புகைப்படங்களில், ஆடவர் பலர் தொப்பியும் டையும் அணிந்து, தேய்த்து மடிப்புக் கலையாத கோட்டுடன் நிற்கின்றனர். இத்தகைய படங்களை ஆராய்ந்த பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால், அவ்வுடையில் தன்மதிப்பும் பயணத்தின் முக்கியத்துவமும் வெளிப்படுவதைச் சுட்டினார். ஜமைக்காவில் 1952இல் பிறந்து, 1963இல் லண்டனுக்கு வந்த லிண்டன் குவேசி ஜான்சன் இம்மரபை மேடைக்குக் கொண்டுவந்தார். ரெக்கே இசைத்தட்டிலிருந்து பாடுகுரலைப் பெரிதும் நீக்கி, தாளத்தையும் பாஸ் ஒலியையும் முன்னிறுத்தும் ‘டப்’ முறையின்மீது எழும் டப் கவிதையின் முதன்மைக் கவிஞர் அவர். காவல்துறையின் வன்முறையை ஜமைக்கக் கிரியோல் மொழியில் அவர் சாடியபோது, குறுகிய விளிம்புள்ள ட்ரில்பி தொப்பியும், மூக்குக்கண்ணாடியும், நேர்த்தியான ஸூட்டும் அவருடைய அடையாளங்களாயின. ஆங்கிலச் சமூகம் பள்ளிக்கூடத்தில் தரக்குறைவென்று தள்ளிய மொழியை, அதே சமூகம் மதிப்புக்குரியதென்று கருதிய உடையில் நின்று பேசியதில்தான் அந்நிகழ்த்துதலின் கூர்மை அடங்கியிருக்கிறது.

இதில் தையற்கலையின் நுட்பமும் உண்டு. நன்கு தைத்த கோட்டில் கை நுழையும் துளை அக்குளை ஒட்டி உயரமாக வெட்டப்படுவதால், கவிஞர் கையை உயர்த்தும்போது கோட்டின் உடற்பகுதி அதனுடன் மேலேறாமல் நிற்கிறது. துளை தாழ்ந்திருந்தால் ஒவ்வோர் அசைவுக்கும் தோள் குலைந்து, அவையின் கண் சொல்லிலிருந்து துணிக்கு நழுவிவிடும். மார்புப் பகுதியில் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் இடையே வைக்கும் கேன்வாஸ் கோட்டின் வடிவத்தைத் தாங்குகிறது. ஆகவே அடங்கிய கையசைவும் நிமிர்ந்த நிலையும் ஒரு நிகழ்த்துபாணியாக உருவாவதில் தையற்காரருக்கும் பங்குண்டு.

அடுத்த தலைமுறையில் உடையும் மாறியது, வழக்கும் மாறியது. கெண்ட் பகுதியின் ப்ளூவாட்டர் வணிக வளாகம் 2005இல் தலைமூடியுள்ள ‘ஹூடி’ மேலாடைக்குத் தடை விதித்தபோது, அன்றாட உடையே இளைஞரைக் குற்றவாளியாகக் காட்டப் போதுமானதாயிற்று. நைஜீரியாவில் பிறந்து, வடக்கு பெக்கம் குடியிருப்பில் வளர்ந்து, 2016இல் லண்டனின் முதல் இளையோர் அரசவைக் கவிஞரான கேலப் ஃபெமி, ‘புவர்’ (2020) தொகுப்பில் தாமே எடுத்த புகைப்படங்களைக் கவிதைகளுடன் சேர்த்து, அக்குடியிருப்பு இளைஞர்களைச் சந்தேகப் பார்வையிலிருந்து விடுவித்து அழகும் கண்ணியமும் உடையவர்களாகக் காட்டினார். ஜான்சனின் ஸூட் செய்த வேலையின் நேர்த்தொடர்ச்சி இது. மதிப்பை வேற்றுடையில் தேடாமல், பழிக்கப்பட்ட உடைக்குள்ளேயே நிறுவுவதால் இது இன்னும் துணிவானது என்றும் சொல்லலாம்.

ஆணுடை ஆணாகப் பிறந்தவர்க்கே உரியது என்ற வரம்பை, 1920களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி விடுதிகளில் வெள்ளை ஸூட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்து பாடிய கிளாடிஸ் பென்ட்லி அன்றே மீறியிருந்தார். லண்டனின் திருநர் கவிஞர் காய் இசையா ஜமால், 2021 ஜனவரியில் லூயி வித்தோன் நிறுவனத்தின் ஆணுடைக் காட்சியில் தோன்றி, அந்நிறுவனத்துக்காக நடந்த முதல் கறுப்பினத் திருநர் என அறியப்பட்டார். வெர்ஜில் ஆப்லோ வடிவமைத்த அந்த ஆடைத் தொகுப்பு எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் ஒரு கட்டுரையிலிருந்து பிறந்தது. அக்காட்சிக்கான திரைப்படத்தில் அமெரிக்க நிகழ்த்துகவிஞர் சால் வில்லியம்ஸும் இடம்பெற்றார்.

இங்கே ஓர் ஆபத்து இருப்பதை மறைப்பதற்கில்லை. ஒடுக்குமுறைக்கு எதிராக எழுந்த குரல், சாமானியர் வாங்க இயலாத கோட்டுக்கு விளம்பரமாகச் சுருங்கிவிடக்கூடும். ஜமைக்க வழித்தோன்றலான வடிவமைப்பாளர் கிரேஸ் வேல்ஸ் பானரின் முறை இதற்கு மாறானது. கரீபிய இலக்கியத்தையும் இசையையும் படித்து அதிலிருந்து தையலுக்கு வருபவர் அவர். 2019இல் செர்பென்டைன் கலைக்கூடத்தில் தாம் அமைத்த காட்சிக்கு எழுத்தாளர் பென் ஓக்ரியின் கட்டுரை நூலொன்றின் தலைப்பையே சூட்டினார். அவர் 2025 அக்டோபரில் ஹெர்மேஸ் நிறுவனத்தின் ஆணுடைப் பிரிவுக்குத் தலைமையேற்பார் என அறிவிக்கப்பட்டதால், கவிஞர் அணியும் கோட்டின் அளவையும் வெட்டையும் தீர்மானிக்கும் இடத்துக்கே கரீபிய இலக்கியத்தைப் படித்த ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார்.