சீன மரபுத்தொடர்களும் ஆங்கிலப் பொருள்வழியும்: இலுப்பைக்கடவைக் கரையை முன்னிறுத்திய ஒரு நோக்கு

சீனச் சொற்களும் மரபுத்தொடர்களும் இன்று தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே வந்து சேருகின்றன. ஒரு பக்கத்திற் சீனத்தொடரும் மறுபக்கத்தில் அதன் ஆங்கிலப் பொருளும் தரும் பட்டியல்களை எடுத்து, இரண்டாம் நிரலை மட்டும் தமிழாக்கி, இது சீனர் கூற்று என எழுதுதல் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் எத்துணை நம்பத்தக்கது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வுக்கு நிலைக்களனாக மன்னார்ப் பெருநிலக் கரையில், பாக்கு நீரிணையை நோக்கி அமைந்த இலுப்பைக்கடவைப் பகுதியைக் கொள்கின்றோம். சீனத்தோடு பொருளாலும் சொல்லாலும் தொடர்புற்ற கரை இது என்பதே அதற்குக் காரணம்.

முதற்கண் ஊர்ப்பெயரையே நோக்குவோம். இலுப்பை மரப்பெயர் என்பது வெளிப்படை. கடவை என்னுஞ் சொல்லுக்கு ஆங்கில அகராதிகள் தரும் பொருளைத் திரும்பத் தமிழாக்கினால் 'கடக்கும் இடம்' என்பதே கிடைக்கும். ஈழத்தமிழர்க்கோ வேலியைக் கடந்து செல்ல இடும் படியும் கடவை. புகையிரதப் பாதையைக் கடக்கும் இடமும் கடவை. வீதியிற் பாதசாரிகளுக்கெனத் தீட்டிய கோடுகளும் கடவையே. எல்லையொன்று இருந்து, அதனைக் கடக்க இசைவும் இருக்குமிடம் என்னும் கருத்து இவையனைத்திலும் ஊடுருவி நிற்கின்றது. ஆங்கிலப் பொருள் தவறன்று. ஆனால் இவ்விசைவுக் கருத்து அதனுள் இல்லை. நம் சொல்லுக்கே இது நேருமாயின், சீனச் சொல்லுக்கு நேருவது வியப்பன்று.

இக்கரைக்கும் சீனத்துக்குமான தொடர்பு பழமையானது. இலுப்பைக்கடவைக்குத் தெற்கே உள்ள மாந்தையில் 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் நடத்திய அகழ்வுகளிற் சீன மட்பாண்டங்கள் கிடைத்தன. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கை வந்த சீனத் துறவி பாகியான், இத்தீவின் மணிகளையும் அவற்றுள் அரசன் கொண்ட பங்கினையும் குறித்து வைத்தார். 1911இற் காலியிற் கண்டெடுக்கப்பட்டு இன்று கொழும்பு நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டிற்குரியது. சீனக் கடற்றளபதி செங் ஹே நிறுவிய அக்கல்லிற் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்றும் உள்ளன.

மொழிபெயர்ப்புப் பற்றிச் சிந்திப்போர் இக்கல்லை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். காணிக்கைப் பட்டியல் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ ஒத்துச் செல்கின்றது. ஆயினும் சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி இசுலாமிய மரபில் நிற்கின்றது. பொன்னையும் வெள்ளியையும் சீனப் பகுதி தன் நாட்டு நிறையாற் கூற, தமிழ்ப் பகுதி கழஞ்சாற் கூறுகின்றது. ஒன்றை மற்றொன்றின் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு எனல் பொருந்தாது. ஒவ்வொரு மொழியும் தன் மக்களை நோக்கித் தன் வழக்கிலே பேசுகின்றது. சீனத்துக்கும் தமிழுக்கும் இடையில் மூன்றாவது மொழியொன்று தரகாக நில்லாத காலமும் இருந்தது என்பதற்கு இக்கல் சான்று.

இனிச் சொற்களுக்கு வருவோம். மன்னார்க் கடலில் எடுக்கப்படும் உயிரொன்றை எம்மவர் கடலட்டை என்பர். ஊர்ந்து கிடக்கும் அதன் தோற்றங் கண்டு அட்டையோடு ஒப்பிட்டனர். ஆங்கிலேயர் அதன் வடிவங் கண்டு வெள்ளரிக்காயோடு ஒப்பிட்டனர். சீனரோ அதனை ஹாய் ஷென் என்பர். 'ஹாய்' கடல், 'ஷென்' ஜின்செங் என நாம் அறிந்த மருந்து வேர். முதலிரு மொழிகளும் கண்ணாற் கண்டதைப் பெயராக்கின. சீனம் உடல் பெற்ற பயனைப் பெயராக்கியது. இக்கரையில் உண்ணப்படாத இவ்வுயிர் குடல் நீக்கி, அவித்து, உலர்த்திக் கீழ்த்திசைச் சந்தைகளுக்கு ஏன் அனுப்பப்படுகின்றது என்னும் வினாவுக்கு விடை அச்சீனப் பெயரிலேயே உள்ளது. ஆங்கிலத்தைப் பின்பற்றிக் 'கடல் வெள்ளரி' என எழுதும் தமிழ்க் கட்டுரைகள் கடற்றொழிலாளியின் சொல்லையும் இழக்கின்றன. சீனரின் கருத்தையும் இழக்கின்றன.

தேயிலையின் பெயரும் இவ்வாறே கருதத்தக்கது. பூஜியன் கரையோர வழக்காகிய 'தே' கடல்வழி பரவிற்று. பிற சீன வழக்குகளிற் பயிலும் 'சா' வேறு வழிகளிற் பரவிற்று. ஈழத்தவர் தேத்தண்ணீர் என்பதில் முன்னது வாழ்கின்றது. தமிழகத்தின் சில பகுதிகளில் வழங்கும் சாயா என்பதிற் பின்னது வாழ்கின்றது. அகராதியில் ஒரே பொருள் பெறும் இரு சொற்கள் இருவேறு வணிக வழிகளின் வரலாற்றைத் தாங்கி நிற்கின்றன.

முத்தைக் குறிக்கும் சீனச் சொல் 'ஜூ'. ஆங்கிலப் பொருள் அதனைச் சிப்பியின் முத்தோடு பெரிதும் அடக்கிவிடும். சீனத்திலோ கோத்த மணிகளும் துளி வடிவின பலவும் 'ஜூ' எனப்படும். தமிழில் முத்து என்பது ஆமணக்கு விதையையும் புளியின் விதையையும் அம்மைக் கொப்புளத்தையும் குறித்தல் போன்றது இது. இரு மொழியினரின் சொற்பரப்பும் இவ்விடத்து அணுகி நிற்க, நடுவில் நிற்கும் ஆங்கிலச் சொல்லே குறுகியுள்ளது.

மரபுத்தொடர்களில் இவ்விடர் மேலும் பெருகுகின்றது. 'ஆடு தொலைந்தபின் பட்டியைச் சீர்செய்தல்' என்னும் சீனத்தொடரை எடுத்துக்கொள்வோம். இதற்கு ஆங்கிலத்தில் நிகரெனத் தோன்றுவது, குதிரை ஓடியபின் இலாயத்தைப் பூட்டுதல் என்னும் பழமொழி. அதனைக் கண்ட தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்' என எழுதுதல் இயல்பே. ஆனால் சீனத்தொடரின் கருத்து இதற்கு நேர்மாறானது. தலைநகரைப் பகைவரிடம் இழந்த சூ நாட்டு மன்னனுக்கு அறிஞன் சுவாங் சின் கூறிய அறிவுரையாகப் பழஞ்சீன நூலொன்று இதனைத் தருகின்றது. ஓர் ஆடு போயிற்றாயினும் எஞ்சியவற்றைக் காக்க இன்னும் காலமுண்டு என்பதே அதன் உட்கோள். மன்னனைத் தேற்றிச் செயலுக்குத் தூண்டிய சொல், இரு மொழி கடந்து எம்மிடம் வருகையில் ஏளனமாய் மாறிவிடுகின்றது. உவமை ஒத்தது, கருத்து தலைகீழாயிற்று.

'மாட்டுக்கு யாழ் மீட்டுதல்' என்பது இன்னொன்று. இதனை ஆங்கிலத்திற் பன்றிமுன் முத்தெறிதல் என விளக்குவர். தமிழிற் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' நினைவுக்கு வரும். இவ்விரண்டும் கேட்போர்மீதே குறையை ஏற்றுகின்றன. சீனத்தொடரும் இன்றைய வழக்கிற் கேட்போரை இகழப் பயன்படுவதுண்டு. எனினும் அதன் மூலக்கதையில், உயர்ந்த பண் மீட்டியபோது அசையாத மாடு, கொசுவின் இரைச்சலையும் கன்றின் குரலையும் யாழில் எழுப்பியபோது வாலை அசைத்துச் செவி சாய்த்தது. கேட்பவர்க்கேற்பப் பேசாதவனைத் திருத்தும் கதை அது. ஆங்கிலப் பொருள் அத்திருத்தத்தை மறைத்துவிட்டது.

மாறாக, 'கிணற்றடித் தவளை' என்னும் தொடருக்கு ஆங்கிலத்தின் துணையே வேண்டியதில்லை. சுவாங்சுவின் நூலில் அத்தவளை கீழ்க்கடல் ஆமையோடு உரையாடுகின்றது. எமது கிணற்றுத் தவளை அதன் உடன்பிறப்பு. 'குறுகிய நோக்குடையோன்' என ஆங்கிலம் கூறும் பொருளைப் பெயர்த்து எழுதுவோர், கையிலிருக்கும் தமிழ்த்தொடரைக் கைவிட்டு வெற்றுக் கருத்தைப் பெறுகின்றனர்.

இக்கரைக்கு மிக அண்மையான சீனத்தொடர் 'ஹெப்பூவுக்கு முத்து மீளுதல்' என்பதாகும். இழந்த பொருள் மீளக் கிடைத்தல் என அகராதிகள் பொருள் தரும். அதன் வரலாறு பின்னை ஹான் ஆட்சிக்காலத்தது. ஹெப்பூ தென்சீனக் கடற்கரைப் பகுதி. அங்கு நெல் விளையாது. முத்தை விற்றே மக்கள் உணவு பெற்றனர். பேராசை கொண்ட அதிகாரிகள் அளவின்றிக் குளிக்க ஏவ, முத்துகள் எல்லை கடந்து அயற்புலம் சென்றன, வணிகர் வாராதொழிந்தனர், வறியோர் பட்டினியால் மாண்டனர். மெங் சாங் என்னும் நல்லதிகாரி வந்து முறைகேடுகளை நீக்கினான். ஓராண்டு கழியுமுன் முத்துகள் மீண்டன. ஆகவே இத்தொடர் நற்பேற்றைக் கூறுவதன்று. போனது ஏன் போயிற்று, எது திருந்தியதால் மீண்டது என்னும் காரணகாரியத்தை அது கூறுகின்றது.

மன்னாரின் முத்துப்பார்களையும் இவ்விடத்து நினைத்தல் தகும். 1905இற் பெருஞ்சலாபம் நிகழ்ந்தது. 1906இற் பார்கள் இலண்டன் நிறுவனமொன்றுக்கு நெடுங்காலக் குத்தகைக்கு விடப்பட்டன. சில ஆண்டுகளிற் பார்கள் வெறுமையாகி, அந்நிறுவனமும் நிலையாது போயிற்று. இயற்கைக் காரணங்களும் இதற்குண்டு. முத்து மட்டுமன்று, மக்களும் இக்கரையை நீங்கினர். 2008ஆம் ஆண்டுப் போரில் மன்னார்ப் பெருநிலக் கரையூர்கள் வெறுமையாயின. போர் முடிந்தபின் மக்கள் படிப்படியாக மீண்டனர். சீனத்திலும் இத்தொடர் பொருளுக்கன்றி, பிரிந்த மனிதர் மீளுதற்கும் வழங்கும். 'மீண்டது' என்பதோடு நிற்கும் ஆங்கிலப் பொருளைக் கொண்டால் இக்கரையின் கதை முடிந்ததாகிவிடும். மூலத்தைக் கொண்டால், நீங்கச் செய்த காரணம் திருந்தியதா என்னும் வினா எழும். இவ்வினாவைத் தொலைத்தல் சிறு இழப்பன்று.

எம்முட் சீனமறிந்தோர் மிகச் சிலர். ஆங்கிலமும் இல்லையெனில் இவ்வளவும் கிட்டியிராதே என ஒருவர் வினவலாம். உண்மையே. அகராதி இயற்றிய ஆங்கில அறிஞரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுதல் எமது கருத்தன்று. அவர்கள் தம் வாசகர்க்கென எழுதினர். அதனைத் தமிழர்க்கென எழுதியதாகக் கொள்வதே பிழை. பீக்கிங்கிலிருந்து தமிழ் வானொலிச் சேவை 1963இலேயே தொடங்கியது. நேர்வழி இயலாததன்று என்பதற்கு அதுவே போதிய சான்றாகும்.

நேர்வழி வாய்க்காதவிடத்து மூன்று நெறிகளை முன்வைக்கின்றோம். முதலாவது, தொடரின் பொருளை மட்டும் கொள்ளாது அது பிறந்த கதையையும் தேடிப் படித்தல். இரண்டாவது, நிகரான தமிழ்ப் பழமொழி தோன்றுமிடத்து, உவமை ஒத்தல் போதாதென உணர்ந்து, தொடர் தேற்றுகின்றதா இகழ்கின்றதா, யார்மீது குறை ஏற்றுகின்றது என்பவற்றைச் சோதித்தல். மூன்றாவது, நிகர் இல்லாவிடத்துச் சீன உவமையையே தமிழில் நிறுத்திக் கதையை உடன் தருதல்.

ஹான் பெய் கூறும் கதையொன்றில், சூ நாட்டு வணிகன் அழகிய பெட்டியில் வைத்து முத்தை விற்றான். வாங்கியவன் பெட்டியை வைத்துக்கொண்டு முத்தைத் திருப்பிக் கொடுத்தான். சொல்லழகில் மயங்கிப் பயனை மறப்போரைக் குறித்து எழுந்த கதை இது. ஆங்கிலப் பொருள்நிரலோடு அமைந்துவிடும் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் இக்கதை பொருந்தும் என்பது எமது துணிபு. முத்தின் தரமறிந்த கரையோர் அவ்வாணிகத்தில் ஏமாறலாகாது.