நாணம் என்கிற தடையுத்தரவு

திருவாலங்காட்டு இரத்தின சபையின் கதை தெரிந்ததுதான். காளியும் சிவனும் போட்டி போட்டு ஆடுகிறார்கள். காளி எதிலும் சளைக்கவில்லை. கடைசியில் சிவன் கீழே விழுந்த குண்டலத்தைக் கால்விரலால் எடுத்து, காலைத் தூக்கிக் காதில் மாட்டிக்கொள்கிறான். பொம்பளை காலைத் தூக்கலாமா? காளி கூசி நிற்கிறாள். தோற்றாள் என்று தீர்ப்பு. ஆடத் தெரியாமல் அவள் தோற்கவில்லை. நாணத்தைக் காட்டித் தோற்கடித்தார்கள்.

அவசரக் கருத்தடை மாத்திரை விஷயத்தில் தமிழ்நாடு பெண்களிடம் ஆடியதும் இதே ஆட்டம்தான்.

லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். தங்கிவிட்ட கருவைக் கலைக்காது. 2005-இல் மத்திய அரசு இதை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க அனுமதித்தது. 2007-இல் 'ஐ-பில்' விளம்பரம் டி.வி.க்கு வந்தது. அந்த ஆண்டுகளில்தான் இங்கே மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விளம்பரம் ஆட்சேபகரமானது என்று கிளம்பியது. கடைக்காரர்கள் மாத்திரை வைப்பதையே நிறுத்தினார்கள். பிற்பாடு பத்திரிகைகள் கேட்டபோது, தடையெல்லாம் இல்லையே என்றார்கள் அதிகாரிகள். தடையும் இல்லை, மாத்திரையும் இல்லை! எழுதின உத்தரவென்றால் கோர்ட்டுக்குப் போகலாம். எழுதாத உத்தரவை எங்கே போய்க் கேட்பது?

அரசுக்குக் கருத்தடை என்றாலே கூச்சமா? இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே மணமான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அரசு அறுத்தால் அது நலத்திட்டம். அவளே முடிவு பண்ணி ஒரு மாத்திரை போட்டால் கலாச்சாரச் சீரழிவு.

காசுள்ளவள் பெங்களூரிலிருந்து வரவழைத்துக்கொள்வாள். திருத்தணி, அரக்கோணம் பக்கம் கழனிக்கும் கம்பெனி வேனுக்கும் போகிற காலனிப் பெண் என்ன செய்வாள்? மருந்துக்கடை ஊருக்குள்ள இருக்கு. கடைக்காரன் ஊர்க்காரன். அவ கேட்டு வாய மூடறதுக்குள்ள சேதி காலனிக்கு வந்து சேர்ந்துடும். 72 மணி நேரம்னா மூணு நாள் கூலி. சாதிவெறியன் கெடுத்துப் போட்ட பெண்ணுக்கும் அதே 72 மணி நேரம்தான். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு இம்மாத்திரை தரவேண்டும் என்று 2014-இல் மத்திய சுகாதார அமைச்சக வழிகாட்டு நெறி சொல்லிவிட்டது. அது தெரிந்து கேட்பதற்கு அவள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

பார்ப்பனியத்தை மட்டும் திட்டிவிட்டு நாம் எழுந்துபோக முடியாது. மாத்திரைக்கு அனுமதி வந்த அதே 2005-இல், திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பேசிய குஷ்புவுக்கு எதிராகத் தமிழ்க் கற்பைக் காக்கத் தெருவில் நின்றவை பாட்டாளி மக்கள் கட்சியும் விடுதலைச் சிறுத்தைகளும். வழக்குகளை 2010-இல் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. மாத்திரையை அனுமதித்தபோது மத்திய சுகாதார அமைச்சர் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ்! டில்லியில் அனுமதி, தமிழ்நாட்டில் கற்பு. சேரிப் பெண்ணுக்குக் கற்பே கிடையாது என்று சொன்ன சாதிகளிடமிருந்து அந்தக் கற்பை நாம் ஏன் கடன் வாங்கினோம்?

நம் முன்னோர் இப்படியில்லை. கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காக என்று பெரியார் 1930களிலேயே எழுதினார். 1938 நவம்பரில் அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி பம்பாய் சட்டமன்றத்தில் கருத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் கொண்டுவந்தது. சபை அதைத் தோற்கடித்தது. தோற்ற அந்தத் தீர்மானம்தான் நம் சொத்து, கற்பு அல்ல.

ஆகவே, நம் கூட்டங்களில் இதைப் பேச வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியர் கையில் இம்மாத்திரை இருக்கிறதா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் கேள்வி கேட்காமல் தருகிறார்களா என்று ஒவ்வொரு காலனியிலும் விசாரிக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தில் பதில் வாங்க வேண்டும். எழுத்தில் வந்துவிட்டால் அதோடு மோதலாம். தோற்ற காளிக்கு ஆறுதலாக முதல் கும்பிடு கொடுத்த ஊர் இது. நம்ம பொம்பளைங்களுக்குக் கும்பிடு வேணாம், மாத்திரை வேணும்.