அவையறிதலும் அவையஞ்சாமையும்

மேடைப் பேச்சுக்குப் பயிற்சி தரும் வகுப்புகளும் போட்டிகளும் நம்மவரிடையே பெருகியிருக்கின்றன. அஞ்சாது நிற்பது, குரலை ஏற்றி இறக்குவது, அடுக்குமொழி தொடுப்பது ஆகியவை அங்கே கற்பிக்கப்படுகின்றன. எதிரே அமர்ந்திருப்பவர் யார், அவருக்கு வேண்டியது யாது என்று விசாரிக்கும் வழக்கத்தை மட்டும் நாம் கண்டிலோம். திருக்குறளிலோ அவையறிதல் 72ஆம் அதிகாரமாகவும், அவையஞ்சாமை அதற்கடுத்த 73ஆம் அதிகாரமாகவும் நிற்கின்றன. முறை அதுவே என்பது நம் துணிபு.

சில காலத்திற்கு முன் ரிங்லெட் தேயிலைத் தோட்டமொன்றில், வேலையில் காயமுற்றோருக்குச் சொக்சோ வழியாகக் கிடைக்கும் உதவியை விளக்க ஒரு சொற்பொழிவாளர் வந்தார். பகலெல்லாம் சரிவில் கொழுந்து வெட்டிவிட்டு, மாலைக் குளிரில் கம்பளி போர்த்தி வந்திருந்தோர் அறுபது பேர் இருக்கலாம். அவர் சங்க காலத்தில் தொடங்கினார். கப்பலேறி வந்த முன்னோரை உருக்கமாக வருணித்தார். ஒரு மணி நேரம் கடந்தது. சொல்லழகில் குறையில்லை. விபத்து நேர்ந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவித்தாக வேண்டும் என்னும் செய்தி கடைசி ஐந்து நிமிடத்தில் வந்தபோது, பாதிப்பேர் லயத்திற்குத் திரும்பிவிட்டனர். மீந்திருந்த அம்மையார் ஒருவர் நம்மிடம், "கிராணி ஐயா, நல்லாத்தான் பேசினாரு. கையில வெட்டுப்பட்டா யாருகிட்ட சொல்லணும்?" என்றார். அச்சொற்பொழிவுக்கு இதனினும் சரியான விமர்சனம் வேண்டுவதில்லை.

நிற்க. தமிழ்மேடையின் வரலாறு இவ்விஷயத்தில் நமக்குப் பாடமாகிறது. ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாட்டைப் படித்துப் பொருள் சொல்வதோடு நில்லாமல், கேட்போரை நேரே நோக்கி உரைநடையில் பேசும் வழியைப் பாதிரிமாரிடம் கண்டு கைக்கொண்டார். அவருடைய சாதிக் கொள்கை நமக்கு உடன்பாடன்று. முறையை மெச்சுவதற்கு அது தடையுமன்று. 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்த பெரியாரோ, ஈரோட்டுக் கடைத்தெருவின் வழக்குமொழியிலேயே மணிக்கணக்கில் பேசிச் சபையை இருத்தியவர். தாம் சொன்னதால் ஏற்காதீர், உங்கள் அறிவைக் கொண்டு ஆராயுங்கள் என்று கேட்போரிடமே தீர்ப்பை ஒப்படைத்தார். தீர்ப்புக் கூற வேண்டியவன் தூங்குவதெப்படி? அண்ணாவின் அடுக்குமொழியும் மக்களைக் கவர்ந்தது. ஆயினும் அதன் அடியில் ஒரு வாதம் ஓடியது. பின்வந்தோர் பலர் அடுக்கை எடுத்துக்கொண்டு வாதத்தை விட்டுவிட்டனர்.

பிறரைக் குறைகூறும் நாமும் குற்றமற்றவரல்லோம். மறுநாட்காலை பெரட்டுக்களத்தில் அச்சட்டத்தை நாமே விளக்கப் புகுந்து, ஆங்கிலப் பள்ளியில் பழகியவாறு பிரிவு பிரிவாக ஒப்பித்தோம். முகங்கள் வெறித்திருந்தன. பிறகே புத்தி வந்து, அவ்வம்மையாரை நோக்கி, "நாளைக்கு மெஷின் உங்க கையைக் கிழிச்சா முதல்ல என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டோம். அவர் ஒன்று சொன்னார், அடுத்தவர் மறுத்தார், மண்டோர் குறுக்கிட்டார். பத்து நிமிடத்தில் செய்தி முழுதும் அவர்கள் வாயிலிருந்தே வந்துவிட்டது. நாம் செய்ததெல்லாம் தவறியதைத் திருத்தியதே.

ஆதலின் பேச்சாளர்களுக்கு நாம் கூறுவது இது: கைதட்டலை எண்ண வேண்டா. இறங்கிச் சென்று, கடைசி வரிசையில் இருப்பவரிடம் தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்லும்படி வேண்டுக. அவரால் இயலாதாயின், பேசியவர் தமக்குத் தாமே பேசிக்கொண்டார் என்றே கொள்க.