வேலைநிறுத்தத் தடையும் அதன் விலையும்

தமிழ்நாட்டில் புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர்கள் இருக்கின்றன என்பது நமக்குத் தேவைப்படாத கணக்கு. சென்னையில் 108 கட்டுப்பாட்டு அறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது தேவைப்படுகிறது. “புதூருங்க, ஸ்கூல் பக்கத்துல, அப்பா பேச்சு மூச்சில்லாம கெடக்குறாரு, சீக்கிரம் வாங்க” என்று ஒரு குரல் அலறிவிட்டு அழத் தொடங்கும். எந்த மாவட்டம், எந்தத் தாலுகா, பக்கத்தில் என்ன கோயில், என்ன கடை என்று ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். கேட்கக் கேட்க எதிர்முனையில் கோபம் ஏறும். ஆள் சாகக் கிடக்கும்போது கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறாயே என்று ஏச்சு விழும். அதை வாங்கிக்கொண்டே விரல்கள் கீபோர்டில் ஓட வேண்டும். பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று திரையில் கண் தேட வேண்டும். வண்டி கிளம்பிப் போன பிறகு அந்த அப்பா பிழைத்தாரா என்பது பெரும்பாலும் இவருக்குத் தெரிய வருவதில்லை. அடுத்த அழைப்பு வந்துவிடும்.

இந்த வேலையைச் செய்பவர்கள் வேலைநிறுத்தம் செய்யலாமா? உலகின் பல அரசுகள் கூடாது என்கின்றன, அல்லது செய்ய முடியாதபடி நிபந்தனைகளை அடுக்குகின்றன. அந்தக் கட்டுப்பாட்டில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஒருவரிடமிருந்து அவருடைய கடைசி ஆயுதத்தை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு எதுவும் தராமல் விடுவதை நியாயம் என்று சொல்ல முடியவில்லை. இன்று நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

முதலில் நியாயத்தைப் பார்க்கலாம். 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் இறந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் பேச முயன்றார். மற்ற அழைப்புகளோடு அவருடைய அழைப்பையும் எக்ஸ்சேஞ்ச் வரிசையில் காக்க வைத்தது. அவர் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். விசாரணை நடந்தது. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 எண் நடைமுறைக்கு வந்தது. அவசர எண் என்ற ஏற்பாடே எடுக்கப்படாத ஓர் அழைப்பிலிருந்து பிறந்தது என்பதை இந்த விவாதத்தில் எவரும் மறக்கக் கூடாது.

வண்டி ஓட்டுபவரின் வேலைநிறுத்தத்துக்கும் அழைப்பை எடுப்பவரின் வேலைநிறுத்தத்துக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆம்புலன்ஸ் வராவிட்டால் ஆட்டோவிலோ பக்கத்து வீட்டுக் காரிலோ ஏற்றிக்கொண்டு ஓடலாம். ராணுவத்தையோ காவல்துறையையோ கொண்டு சில வண்டிகளையாவது இயக்கலாம். அழைப்பே எடுக்கப்படவில்லை என்றால், எங்கோ ஒருவருக்கு உதவி தேவை என்ற செய்தியே யாருக்கும் போய்ச் சேராது. இதில் அதிகம் அடிபடுவது வேறு வழி இல்லாதவர்தான். காசுள்ளவர் தனியார் மருத்துவமனையின் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொள்வார். ராத்திரி ஒரு மணிக்கு மலையடிவாரக் கிராமத்தில் பிரசவ வலி வந்த பெண்ணுக்கு 108 ஒன்றுதான் உண்டு. அவளுக்கும் ஊழியர்களின் சம்பளத் தகராறுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இதைத் தொழிற்சங்கங்களும் அறியாதவை அல்ல. 2022 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 999 அழைப்புகளை எடுப்பவர்களும் அதில் இருந்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்ற முதல் வகை அழைப்புகளைக் கவனிக்கச் சங்கங்களே நிர்வாகங்களோடு பேசி ஆட்களை ஒதுக்கின. நோயாளி மூச்சு விடுகிறாரா என்று முதல் கேள்வி கேட்டுப் பழகியவர்களுக்கு எந்த அழைப்பை விடக் கூடாது என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்தே உயிருக்கு ஆபத்து வரும்படி வேலை ஒப்பந்தத்தை மீறுவது குற்றம் என்று 1875-லேயே அங்கே சட்டம் வந்துவிட்டது. இன்றைய தொழிற்சங்கச் சட்டத்திலும் அந்தப் பிரிவு தொடர்கிறது. ஆகக் கட்டுப்பாடு ஏற்கெனவே இருந்தது. சங்கங்கள் அதற்கு உட்பட்டுத்தான் நடந்தன.

அரசுக்கு அது போதவில்லை. 2023 ஜூலையில் குறைந்தபட்சச் சேவைச் சட்டம் வந்தது. வேலைநிறுத்த நாளன்று யார் யார் வந்தே தீர வேண்டும் என்று நிர்வாகம் பெயர் குறித்து ஆணை அனுப்பலாம் என்றது அந்தச் சட்டம். இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இரண்டாம் வகை அழைப்புகள். சராசரியாக 18 நிமிடத்தில் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது இங்கிலாந்தில் இலக்கு. 2022 டிசம்பரில் அந்தச் சராசரி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. அந்த மாதத்தின் பெரும்பாலான நாட்களில் வேலைநிறுத்தமே இல்லை. மருத்துவமனை வாசல்களில் நோயாளிகளை இறக்க இடமில்லாமல் வண்டிகள் வரிசையில் நின்றன. கூப்பிட்டவர்கள் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டார்கள். அனுப்ப வண்டி இல்லை என்பதை வெவ்வேறு வார்த்தைகளில் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அறைக்குள் இருந்த ஊழியர்கள். வேலைநிறுத்த நாளில் குறைந்தபட்சச் சேவையைச் சட்டம் போட்டுக் கேட்ட அரசுக்கு, மற்ற நாட்களில் அதே சேவையைத் தானே தர வேண்டிய சட்டக் கடமை எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. நடைமுறையில் அந்த ஆணை பயன்படுத்தப்படவும் இல்லை. 2025 இறுதியில் புதிய வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் வழியாகக் குறைந்தபட்சச் சேவைச் சட்டமே நீக்கப்பட்டது. தகராறு தீர்ந்ததும் தடையால் அல்ல. 2023 மே மாதம் 5 சதவீத உயர்வும், கூடவே ஒரு மொத்தத் தொகையும் பேசி முடித்தார்கள்.

என்னை மிகவும் உறுத்துவது இனிச் சொல்லப்போகும் முரண். வேலைநிறுத்தம் என்று வந்தால் இவர்கள் உயிர் காப்பவர்கள். சம்பளம் என்று வந்தால் தொலைபேசி எடுக்கும் குமாஸ்தாக்கள். அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டில் தீயணைப்பு வீரர், காவலர், கடற்கரை உயிர்காப்பாளர் எல்லோரும் பாதுகாப்புப் பணியாளர் என்ற தொகுதியில் வருகிறார்கள். கார் நிறுத்தும் இடங்களைக் கண்காணிப்பவரும் அதே தொகுதியில்தான் இருக்கிறார். 911 அழைப்பை எடுப்பவரோ அலுவலக, நிர்வாக உதவியாளர் தொகுதியில். 2018-இல் வகைப்பாட்டைத் திருத்தியபோது பெயரை மாற்றினார்கள், தொகுதியை மாற்றவில்லை. அதை மாற்றக் கோரும் மசோதா 2019 முதல் அங்கே நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பத் தாக்கலாகிறது.

குமாஸ்தா வேலை இழிவானது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் எந்தக் குமாஸ்தாவும் இதயம் நின்றுபோன குழந்தையின் தாயிடம், அழாதீர்கள், கையை மார்பின் நடுவில் வையுங்கள், நான் எண்ணுகிறேன், கூடவே அழுத்துங்கள் என்று சொல்வதில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற தாளத்தில் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி வரும்வரை குரல் உடையக் கூடாது. வடக்கு இலினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெதர் பியர்ஸ், மிஷெல் லில்லி என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய 171 ஊழியர்களிடம் நடத்திய ஆய்வை 2012-இல் வெளியிட்டார்கள். சம்பவ இடத்தில் நேரில் இல்லாவிட்டாலும் மனக்காயம் ஏற்படுகிறது, அதன் தடயம் நெடுநாள் தங்குகிறது என்பது அதன் சாரம். நேரில் இருப்பவருக்குக் கைக்கு ஒரு வேலை உண்டு, முடிவும் கண்ணுக்குத் தெரியும். இவருக்குக் காதில் விழுந்தது மட்டுமே மிச்சம்.

இனி நம் ஊருக்கு வரலாம். 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. இது சாதித்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. மாட்டு வண்டியிலும் சைக்கிள் கேரியரிலும் நோயாளியைக் கொண்டுபோன காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இலவசமாக, சாதி கேட்காமல், வாசலுக்கு வண்டி வருவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அவர்களிடம் பேசினால் புரியும். சேவைக்குப் பணம் தருவது அரசு. நடத்துவது ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். ஊழியர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள், அரசு ஊழியர் அல்லர்.

தீபாவளி நெருங்கும்போது போனஸ் கேட்டு 108 ஊழியர்கள் வேலைநிறுத்தம் அறிவிப்பது செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் பழகிப்போன செய்தி. 12 மணி நேர ஷிப்டை எட்டு மணி நேரமாக்கு, சம்பளத்தை உயர்த்து, அரசே சேவையை ஏற்று நடத்து என்பவை கூடவே வரும் கோரிக்கைகள். தீக்காயமும் விபத்தும் கூடும் நாளைப் பார்த்து இப்படிச் செய்யலாமா என்று உடனே கண்டனம் எழும். கண்டனம் எழத்தான் வேண்டும். ஆனால் மற்ற மாதங்களில் அவர்கள் கொடுத்த மனுக்கள் எத்தனை பேர் கண்ணில் பட்டன? வேறு நாளில் கேட்டால் காது கேளாதவர்கள், தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுகிறார்கள். அந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்க ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே இந்தப் பழக்கம்தான்.

பேச்சுவார்த்தையிலும் ஒரு சிக்கல். சம்பளத்தை உயர்த்து என்றால், அரசு தரும் தொகைக்குள்தான் எங்களால் செய்ய முடியும் என்கிறது நடத்தும் தரப்பு. அரசிடம் போனால், நீங்கள் எங்கள் ஊழியர் இல்லையே என்ற பதில் வருகிறது. பணப்பெட்டியின் சாவி வைத்திருப்பவர் மேஜைக்கே வராத பேச்சுவார்த்தை இது.

சட்டமும் கைகொடுக்கவில்லை. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 22-ஆவது பிரிவின்படி, பொதுப் பயன்பாட்டுச் சேவையில் வேலைநிறுத்தத்துக்குப் பதினான்கு நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது. முன்னறிவிப்பு வந்ததும் தொழிலாளர் துறை சமரசப் பேச்சைத் தொடங்கும். சமரசம் நடக்கும்போதும், அது முடிந்து ஏழு நாள் வரையிலும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பேச்சை இழுத்தடித்தால் நட்டம் யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. அவசரச் சேவைக்காரர்களுக்கு இது பொருந்தும் என்று ஒப்புக்கொண்டாலும், அத்தியாவசியம் என்ற முத்திரை ஓரிடத்தில் நிற்பதில்லை. 2003-இல் தமிழ்நாட்டில் டெஸ்மா எனப்படும் மாநில அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஒரே மூச்சில் சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். கோப்பு பார்ப்பவரும் பாடம் நடத்துபவரும் அதில் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அந்தப் பதினான்கு நாள் விதியை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. உயிர் காக்கும் வேலைக்கென்று சொல்லி ஏற்ற கட்டுப்பாடு இன்று துணி ஆலைக்கும் பொருந்துகிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்க உரிமைக் குழு இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. மக்களின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும் சேவைகளில் மட்டும் வேலைநிறுத்தத்தைத் தடுக்கலாம். அப்படித் தடுத்தால் பாரபட்சமற்ற, விரைவான சமரசமும் நடுவர் தீர்ப்பும் அந்த ஊழியர்களுக்குக் கிடைக்க வேண்டும். தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும், உடனடியாக நிறைவேற வேண்டும். சங்க உரிமை குறித்த 87-ஆம் உடன்பாட்டில் இந்தியா இன்னும் சேரவில்லை.

தடைக்கு விலை கொடுத்த முன்னுதாரணங்கள் உண்டு. பிரிட்டனில் காவலர்கள் 1918-லும் 1919-லும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1919-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுடைய சங்கத்தைத் தடை செய்தது. கூடவே காவலர் கூட்டமைப்பு ஒன்றை ஏற்படுத்தித் தந்தது. 1978-இல் காவலர் சம்பளத்தை ஆராய்ந்த எட்மண்ட்-டேவிஸ் குழு 45 சதவீத உயர்வைப் பரிந்துரைத்தது, அரசு ஏற்றது. தீயணைப்பு வீரர்கள் 1977-78 வேலைநிறுத்தத்துக்குப் பின் சம்பளத்தை நிர்ணயிக்கும் சூத்திரம் ஒன்றைப் பெற்றார்கள். 1989-90-இல் மாதக்கணக்கில் போராடிய ஆம்புலன்ஸ் ஊழியர்கள் கேட்டதும் அதுபோன்ற சூத்திரத்தைத்தான். 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவர்களுக்காக மனுவில் கையெழுத்திட்டார்கள். சம்பளம் உயர்ந்தது, சூத்திரம் கிடைக்கவில்லை. 2022-இல் அவர்கள் மறுபடியும் தெருவுக்கு வந்ததில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அங்கே சம்பள ஆய்வுக் குழு இருக்கிறது. ஆனால் அதன் பரிந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் அரசின் விருப்பம். அதன் மீது நம்பிக்கை இழந்த சங்கங்கள் 2023-இல் சாட்சியம் அளிக்கவே மறுத்தன.

நடுவர் தீர்ப்பிலும் குறை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நடுவர் கையில் விஷயம் போய்விட்டால் சங்கத்தின் உள்ளே உயிர்ப்பு குறைகிறது. உறுப்பினர்கள் கூடிப் பேசிய இடத்தில் வழக்கறிஞர்கள் பேசுகிறார்கள். நம் நாட்டுத் தொழில் தீர்ப்பாயங்களின் வேகமோ ஊரறிந்தது. ஆகவே காலக்கெடு இல்லாத நடுவர் ஏற்பாட்டைக் காட்டி ஒரு 108 ஊழியரிடம் வேலைநிறுத்தத்தை விட்டுவிடு என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. தொண்ணூறு நாளில் தீர்ப்பு, அதற்குள் வராவிட்டால் இடைக்கால உயர்வு என்ற அளவுக்காவது அது உறுதியாக இருக்க வேண்டும். கூடவே அறைக்குள் செய்ய வேண்டியவையும் உண்டு: ஒரு மரணத்தைக் காதால் கேட்டவர் கேள்வி இல்லாமல் எழுந்து போகச் சில நிமிடம், இரவு ஷிப்டுக்குப் பின் போதிய ஓய்வு, வீடு திரும்ப வண்டி, மனநல ஆலோசகர்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் காத்திருக்கத் தேவையில்லை. இரு தரப்பும் மனமொப்பித் தகராறை நடுவரிடம் விடுவதற்குப் பழைய சட்டத்திலேயே, 1956-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் வந்த 10ஏ பிரிவு இருந்தது. புதிய தொகுப்பிலும் அதற்கு இடம் உண்டு. சேவையை நடத்தும் நிறுவனத்தோடு அரசு போடும் ஒப்பந்தத்திலேயே ஊழியர் சம்பளத்தைத் தனி இனமாக வைத்து, விலைவாசிக் குறியீட்டோடு கோத்துவிடலாம். டெண்டரில் விலையைக் குறைத்துக் காட்ட அந்த இனத்தில் கை வைக்க முடியாதபடி எழுதலாம். சங்கம், நிறுவனம், அரசு மூன்றும் கையெழுத்திட்டால் போதும். கோரிக்கைப் பட்டியலோடு சங்கம் ஏற்கெனவே வெளியே நிற்கிறது. முதலில் வந்து உட்கார வேண்டியது பணம் தரும் அரசு, அதுவும் தீபாவளிக்குப் பல மாதம் முன்பே.