மொராந்தியின் மேஜை

நாவலாசிரியர்களைப் பற்றி வாசகர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. "திரும்பத் திரும்ப அதே தெரு, அதே குடும்பம், அதே நாலு மனிதர்கள், வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்பார்கள். குறை சொல்கிறவர்கள் நல்ல வாசகர்கள்தான். காசு கொடுத்துப் புஸ்தகம் வாங்குகிறவர்கள் புதிதாக ஏதாவது எதிர்பார்ப்பதில் தவறில்லை. ஆனால் விஷயம் புதிதாக இருந்துவிட்டால் கலையும் புதிதாகிவிடுமா, பழைய விஷயத்தில் புதுமைக்கு இடமே கிடையாதா என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். யோசிப்பதற்கு உதவக்கூடியவர் இத்தாலியச் சித்திரக்காரர் ஜியார்ஜியோ மொராந்தி. ஐம்பது வருஷ காலம் அவர் தீட்டியது பெரும்பாலும் சில புட்டிகள், கூஜாக்கள், கிண்ணங்கள், தகர டப்பாக்கள்.

இந்த மாதிரிச் சித்திரங்களுக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. இங்கிலீஷில் அசையாத வாழ்வு என்று பொருள்படும்படி சொல்கிறார்கள். இத்தாலியில் "நாத்தூரா மோர்த்தா", அதாவது செத்த இயற்கை. மொராந்தி தம் படங்களில் மிகப் பலவற்றுக்கு இந்தப் பொதுப் பெயரையே தலைப்பாக வைத்தார். ஒரு கதாசிரியன் தன் கதைகளுக்கெல்லாம் "கதை" என்றே தலைப்பிட்டால் எப்படி இருக்கும்? தலைப்பில் பிடிமானம் எதுவும் கிடைக்காததால் படத்தைத்தான் பார்த்தாக வேண்டியிருக்கிறது.

வாழ்க்கையிலும் சம்பவம் குறைவு. 1890ல் பொலோஞா நகரத்தில் பிறந்தார். 1909ல் தகப்பனார் காலமானார். பிறகு தாயாரும் மூன்று சகோதரிகளும் இவருமாக ஒரே குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஃபொந்தாட்ஸா தெருவில் இருந்த வீட்டில் அவருடைய படுக்கை அறையே வேலை செய்யும் இடம். 1914 முதல் சுமார் 15 வருஷம் ஆரம்பப் பள்ளிகளில் சித்திர வாத்தியார். 1930 முதல் 1956 வரையில் பொலோஞா கலைக் கழகத்தில் எச்சிங் பேராசிரியர். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் வித்தை அது. இத்தாலியை விட்டு முதல் தடவையாக வெளியே போனது 1956ல்தான், ஸ்விட்ஸர்லாந்துக்கு. 1964ல் பொலோஞாவிலேயே இறந்தார். எண்ணெய் வர்ணப் படங்கள் 1,300க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஜன்னலிலிருந்து தெரிந்த முற்றமும், கோடையில் போய்த் தங்கிய கிரிட்ஸானா கிராமத்துக் குன்றுகளும், பூச்சாடிகளும் உண்டு. மற்றதெல்லாம் மேஜைமேல் வைத்த பாத்திரங்கள்.

அவர் வேலை செய்த முறை கவனிக்கத் தக்கது. புட்டிகளின்மேல் ஒட்டியிருந்த சீட்டுகளைக் கிழித்துவிடுவார். சிலவற்றின் வெளிப்புறத்தில் மங்கிய வர்ணம் பூசுவார். சிலவற்றின் உள்ளே வர்ணத்தை ஊற்றிவிடுவார். கண்ணாடி பளபளக்கக் கூடாது. இது இன்ன கம்பெனிச் சரக்கு என்று தெரியவும் கூடாது. மேலே படியும் தூசியையும் தட்டமாட்டார். மேஜையில் காகிதத்தை விரித்து, ஒவ்வொரு பாத்திரமும் நிற்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். இரண்டு விரற்கடை இப்படி நகர்த்துவார், அப்படி நகர்த்துவார். இந்த அடுக்குதலிலேயே நாட்கள் போய்விடும். அது பூர்த்தியான பிறகு படத்தை அநேகமாக ஒரே மூச்சில் தீட்டி முடித்துவிடுவார். கை செய்கிற வேலை சொற்பம், கண் செய்கிற வேலை அதிகம் என்று இதைச் சொல்லலாம்.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. 1918, 1919 வாக்கில் தீட்டிய படங்களில் தையற்காரர் கடைப் பொம்மைத் தலையும் பந்தும் பெட்டியும் கத்தியால் வெட்டினாற்போல் கூர்மையான விளிம்புகளுடன் நிற்கின்றன. சாமர்த்தியமான படங்கள், பார்த்தவுடன் பிரமிக்க வைக்கிறவை. அந்தப் பிரமிப்பை அவர் சீக்கிரமே கைவிட்டார். 1950களின் படங்களில் விளிம்புகள் நடுங்குகின்றன. ஒரு டப்பா எங்கே முடிந்து அடுத்த டப்பா எங்கே தொடங்குகிறது என்று திட்டமாகச் சொல்ல முடியவில்லை. ஐந்தாறு பாத்திரங்கள் படத்தின் நடுவில் குளிரில் ஒண்டிக்கொண்டதுபோல் நெருங்கி நிற்க, சுற்றிலும் சாம்பலும் சந்தனமும் கலந்த வெறுமை. கடைசிக் கால நீர் வர்ணப் படங்கள் சிலவற்றில் பாத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம்தான் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நிழலைத் தீட்டியதால் பாத்திரம் தெரிகிறது.

நாவல் வாசகர் இங்கேதான் கவனிக்க வேண்டும். நீளக் கழுத்துடைய ஒரு வெள்ளைப் புட்டி பல படங்களில் வருகிறது. தட்டையான டப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அது கம்பீரமாக இருக்கிறது. இன்னொன்றின் பின்னால் பாதி மறைந்து நிற்கும்போது சங்கோசப்படுகிறது. புட்டி மாறவில்லை; அண்டை வீட்டுக்காரர் மாறினார். மாமியார் எதிரில் ஒரு மாதிரியும், தனக்குப் பிறந்த பிள்ளையிடம் வேறு மாதிரியும், அடுத்த வீட்டம்மாளிடம் மூன்றாவது மாதிரியும் இருக்கிற ஒருத்தியை எழுதும் நாவலாசிரியன் செய்வதும் இதுதான். நாலு மனிதர்களுக்கு இடையில் இருக்கக்கூடிய தூரங்கள் நாலோடு நிற்பதில்லை. அவற்றை எழுதித் தீர்க்க ஓர் ஆயுள் போதாது.

இந்த மட்டோடு நிறுத்திக்கொண்டால் மொராந்தி ஒரு துறவி ஆகிவிடுவார். பல விமர்சகர்கள் அப்படித்தான் அவரைச் சித்திரித்து வந்திருக்கிறார்கள். உண்மை அவ்வளவு சௌகரியமாக இல்லை. 1928ல் பொலோஞாவின் பாஸிஸ்ட் பத்திரிகை ஒன்றில் தம்மைப் பற்றி எழுதிய குறிப்பில் அந்த இயக்கத்தில் தமக்கிருந்த நம்பிக்கையைச் சொல்லியிருக்கிறார். 1930ல் பேராசிரியர் பதவி போட்டியில்லாமல், கீர்த்தியை முன்னிட்டு, அவருக்குக் கிடைத்தது. 1943லோ, பாஸிஸத்தை எதிர்த்த நண்பர்களோடு தொடர்பு வைத்திருந்ததற்காகச் சில நாட்கள் சிறையில் இருந்தார். பிறகு கிரிட்ஸானாவில் ஒதுங்கியிருந்து 1944 கோடையில் பொலோஞா திரும்பினார். அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில் அதே மலைப் பிரதேசத்தில் ஜெர்மானியப் படை குழந்தைகளும் கிழவர்களுமாக 700க்கு மேற்பட்ட ஜனங்களைக் கொன்றது. அந்தக் குன்றுகளை வருஷக் கணக்காகத் தீட்டியவர் அவர். அந்தச் சம்பவத்தின் அடையாளம் எதுவும் அவர் படங்களில் இல்லை.

இதற்கு என்ன சொல்வது? மௌனமே கண்டனம் என்று அவருக்காக வாதாட நான் தயாராக இல்லை. புட்டி தீட்டியவர் கோழை என்று தீர்ப்புச் சொல்லவும் தயாராக இல்லை. படத்தைக் காட்டி மனிதரை விடுதலை செய்வதும், மனிதரைக் காட்டிப் படத்தைத் தண்டிப்பதும் விமர்சனமாகாது. ஆனால் அந்த அறைக்கு வெளியே உலகம் இருந்தது என்பதைத் தெரிந்துகொண்டுதான் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும். தெரிந்துகொண்டு பார்க்கையில் அந்த ஒண்டிக்கொண்டு நிற்கும் பாத்திரங்கள் சாந்தத்தின் உருவங்களாக மட்டும் தோன்றவில்லை. அவற்றில் கொஞ்சம் பயமும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இதை நன்றாக உணர்ந்தவர் சினிமா டைரக்டர் ஃபெலினி. 1960ல் வெளிவந்த "லா தோல்ச்சே வீத்தா" படத்தில் ஸ்டைனர் என்ற படித்த, பண்பான மனிதர் வீட்டுச் சுவரில் ஒரு மொராந்தி தொங்குகிறது. விருந்துக்கு வந்த சிநேகிதனிடம் அதைப் பற்றிப் பேசுகிறார். பின்னால் அதே மனிதர் தம் இரண்டு குழந்தைகளையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தாமும் சாகிறார். ஃபெலினி மொராந்தியைக் குறை சொல்லவில்லை. ஒழுங்கான அமைதியைச் சுவரில் மாட்டிக்கொண்டால் வாழ்க்கை சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களைத்தான் சுட்டுகிறார். ரசனை உள்ள குடும்பத்தினர் நாம் எல்லோரும் இதைக் கொஞ்சம் கவனிப்பது நல்லது.

1948ல் வெனிஸிலும் 1957ல் ஸாவோ பாவ்லோவிலும் மொராந்திக்குப் பெரிய பரிசுகள் கிடைத்தன. 1993ல் பொலோஞாவில் அவருக்கென்றே ஒரு மியூசியம் திறந்தார்கள். அவரைப் பார்த்துப் புட்டி தீட்டியவர்களும் எத்தனையோ பேர். புட்டியை எடுத்துக்கொள்வது சுலபம். இரண்டு விரற்கடை நகர்த்திவிட்டு மறுநாள் காலை மறுபடியும் பார்க்கிற பொறுமையை எடுத்துக்கொள்வது சிரமம். ஒரே தெருவை எழுதும் நாவலாசிரியனையும் இந்த அளவுகோல் கொண்டு அளக்கலாம். பத்தாவது நாவலில் அந்தத் தெரு முதல் நாவலில் நின்ற இடத்திலேயே நின்றால், வாசகர் சொல்லும் குறை நியாயமானதுதான். அது நகர்ந்திருந்தால், எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பது வாசகர் பொறுப்பு.