பக்கவாத்தியம் யார்? செல்லோ - பியானோ சொனாட்டாக்களை முன்வைத்து

தமிழ்க் காதுக்குச் செல்லோ என்றால் துக்கம். சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. சாவு விழுந்த வீட்டில், ரயிலைத் தவறவிட்டு நிற்கிற காதலனின் முதுகுக்குப் பின்னால், கீழ் ஸ்தாயியில் ஒரு நீண்ட இழுப்பு. இளையராஜா தன்னுடைய தந்தி வாத்தியக் குழுவில் செல்லோவுக்குத் தனி வழி போட்டுக் கொடுத்தவர். மேலே போகிற வயலின்களோடு அது வம்பு வளர்க்கும், எதிர்த்துப் பேசும். நமக்குக் கேட்டதோ துக்கம் மட்டுந்தான். வாத்தியம் ஒன்று ஒரே உணர்ச்சிக்கு முத்திரையாகி நின்றுவிட்ட பிறகு, அது உண்மையில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

செல்லோவும் பியானோவும் மட்டுமே வாசிக்கிற சொனாட்டாக்களை இந்தக் காதோடு கேட்டால் பாதி விழாது. செல்லோ 'மெயின்', பியானோ அதற்குத் தாங்கல் என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சென்ற மார்கழியில் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஏலகிரியில் கூடி இரண்டு நாள் இந்தப் பதிவுகளை மட்டும் கேட்டோம். பிராம்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோது, ஆம்பூர் டேனரி ஒன்றில் தோல் தரம் பிரிக்கிற நண்பர் கேட்டார்: "சார், இதுல யாருக்கு யாரு வாசிக்கறாங்க?" மேற்கத்திய இசை பற்றித் தமிழில் எழுதப்படுகிற ரசனைக் குறிப்புகள் எதுவும் கேட்காத கேள்வி இது. இந்தக் கட்டுரை அதற்கான பதில் முயற்சிதான்.

வரலாற்றிலிருந்து தொடங்கலாம். 1796இல் பீத்தோவன் பெர்லின் போகிறார். பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடரிக் வில்லியம் தானே செல்லோ வாசிக்கிறவன். அந்த அரசவைக்காக எழுதியவை ஓபஸ் 5இன் இரண்டு சொனாட்டாக்கள். (ஏலகிரிப் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். பாணன் - புரவலன் உறவை எம்.ஏ.யில் மனப்பாடம் செய்த நமக்குப் பெர்லின் ஒன்றும் புது ஊரல்ல.) அச்சில் இவற்றின் தலைப்பு, செல்லோவுடன் கூடிய பியானோ சொனாட்டா என்கிற பொருளில்தான் இருக்கிறது. அதாவது பியானோ முதலில். புரவலனின் வாத்தியத்துக்குப் பெரிய இடம் கொடுத்த மாதிரி கொடுத்துவிட்டு, பியானோவில் தானே உட்கார்ந்துகொண்டார் பீத்தோவன். இருபது வருஷம் கழித்து, 1815இல் ஓபஸ் 102 எழுதும்போது இரண்டு வாத்தியத்துக்கும் ஏறத்தாழ சமபங்கு. நடுவில் 1808இன் ஓபஸ் 69, செல்லோவைத் தனியாகவே பேசவிட்டுத் தொடங்குகிறது.

இந்தச் சமபங்கு எளிதில் வந்ததல்ல, ஏனென்றால் இரண்டும் இரண்டு ஜாதி ஒலி. பியானோவின் ஸ்வரம் தட்டிய கணத்திலிருந்து தேயத் தொடங்கும். அப்புறம் அதை வளர்க்க முடியாது, வளைக்க முடியாது. செல்லோவின் ஸ்வரம் ஒன்றுமில்லாததிலிருந்து கிளம்பிப் பெருகலாம், அசையலாம், வழுக்கலாம். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்கிற நம் பழைய பகுப்பில் பியானோவை எங்கே வைப்பது? உள்ளே இருப்பது கம்பி, அடிபடுவதோ முழவு மாதிரி. இதில் தோலும் உண்டு. பீத்தோவன் காலத்து வியன்னா பியானோக்களில் கம்பியை அடிக்கும் சுத்தியலுக்குத் தோல்தான் போர்த்தினார்கள். கம்பளியை அழுத்திச் செய்கிற ஃபெல்ட் வந்தது 1826இல், பாரிசில். இன்றும்கூடச் சுத்தியலின் அடியிலுள்ள சின்ன உருளைக்கும், திரும்பி விழுகிற சுத்தியலைத் தாங்கிப் பிடிக்கிற கட்டைக்கும் தோல் போடுகிறார்கள். செல்லோவின் தந்தி இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் பெரும்பாலும் ஆட்டுக்குடலில் திரித்தது. யாழின் தந்தியை 'நரம்பு' என்று சொன்ன மொழிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தோல் நண்பர் மற்ற எதையும்விட இந்தத் தகவலில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த மிருகத்தின் தோல், எந்தப் பக்கத்துத் தோல் என்று என்னைக் குடைந்தெடுத்தார்.

பிராம்ஸின் ஓபஸ் 38, 1862இல் தொடங்கி 1865இல் முடித்தது. இதுவும் 'பியானோவுக்கும் செல்லோவுக்கும்' என்றே தலைப்பிடப்பட்டது. கான்ஸ்பாகர் என்கிற பாட்டு வாத்தியாருக்கு அர்ப்பணம். பொழுதுபோக்காகச் செல்லோ வாசிக்கிறவர். ஒருநாள் பிராம்ஸ் பியானோவைப் போட்டு அறைந்ததில், என் வாசிப்பு எனக்கே கேட்கவில்லையே என்று அவர் குறைப்பட்டாராம். அதற்கு பிராம்ஸ், நீர் கொடுத்துவைத்தவர் என்றாராம். கதை உண்மையோ பொய்யோ, படைப்பின் உள்ளே இருக்கிற தகராறு இதுதான். தொடக்கத்தில் செல்லோ அடித்தளத்தில் பாடுகிறது, பியானோ தாளம் தப்பின இடத்தில் ஸ்வரக் கொத்துகளை வைத்துக் கீழே காத்திருக்கிறது. கடைசிப் பகுதியான ஃபியூகில் இந்த மரியாதை போய்விடுகிறது. பியானோவின் இடது கை ஒரு வாக்கியத்தைச் சொல்கிறது, செல்லோ அதையே எடுத்துச் சொல்கிறது, பிறகு வலது கை. ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடுவதில்லை.

இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். ஜாக்குலின் து ப்ரே, டேனியல் பேரன்பாய்ம் 1968இல் செய்தது ஒன்று. அதில் செல்லோ நெஞ்சைப் பிளக்கிறது, பியானோ பல இடங்களில் அன்பாக வழிவிடுகிறது. கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் பிடித்தது, ஆச்சரியமில்லை, சினிமாக் காது. ரோஸ்ட்ரோபோவிச், ருடால்ஃப் செர்கின் 1982இல் செய்தது மற்றொன்று. செர்கினுக்கு அப்போது எண்பதை நெருங்குகிற வயசு; ஒரு இம்மி விட்டுக்கொடுக்கவில்லை. என் வாக்கு இதற்கே. முதலாவது ஒரு பெரிய கலைஞரின் குரல். ஓபஸ் 38இன் சண்டை இரண்டாவதில்தான் நடக்கிறது.

'சேம்பர் மியூசிக்', அறை இசை, கேட்பவரைவிட முதலில் வாசிப்பவர்களையே நோக்கியது என்று 1962இல் வந்த தன் இசைச் சமூகவியல் நூலில் அடோர்னோ சொல்கிறார். போட்டியையே ஒருவருக்கொருவர் கொடுக்கிற மரியாதையாக மாற்றிக்கொள்கிற இசை இது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். சரிதான். ஆனால் அறைக்குள் இருப்பவர்களின் சமத்துவம் எனக்குப் போதவில்லை. அறை யாருடையது, வாசலில் யார் நிற்கிறார்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் பக்கம் வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பாலுஸ்வாமி தீட்சிதர், வடிவேலு போன்றவர்கள் கையால் வயலின் உள்ளே வந்தது. பாட்டுக்குப் பின்னால் போகிற பக்கவாத்தியமாக உட்கார்ந்தது. கமகம் வராது என்று ஹார்மோனியத்தை 1940இல் அகில இந்திய வானொலி வெளியே தள்ளியது. அந்த நியாயப்படி பியானோவுக்கும் கதவு சாத்தினதுதான். செல்லோ தரையில் உட்கார சாஸ்கியா ராவ் டி ஹாஸ் அதன் உருவத்தையே சிறிதாக்கினார். அது ஹிந்துஸ்தானியில் தனிப் பாடகனாக ஆனது, எதிரில் சரிசமமாகச் சண்டைபோட ஆள் இல்லை. வி.எஸ்.நரசிம்மன் 1993இல் அமைத்த மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் தியாகராஜரின் கீர்த்தனைக்குக் கீழே செல்லோ புதுசாகத் தளம் போடுகிறது. பெரிய காரியம். அங்கேயும் சாகித்யம் பெரும்பாலும் முதல் வயலினிடமே இருக்கிறது. நம் மேடையில் ஒருவர் முன்னால், மற்றவர் பக்கத்தில். மாற்றி உட்கார இன்னும் மனசு வரவில்லை.

மிருதங்கத்துக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். தனி ஆவர்த்தனத்தில்தான் தோல் தனியாகப் பேசுகிறது. சபாக்களில் ரசிகர்கள் எழுந்து கேண்டீனுக்குப் போகிற நேரமும் அதுவே. வாசிக்கிறவருக்கே இந்தக் கதி என்றால், மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் வாங்கி, முடி நீக்கி, வார் பிடித்துக் கட்டுகிறவர் எந்த வரிசையில் வருவார்? டி.எம்.கிருஷ்ணா இந்தக் குடும்பங்களைப் பற்றி, அவர்களில் பெரும்பாலோரான தலித் கிறிஸ்தவர்களைப் பற்றி, 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். அதன் வெளியீட்டுக்கு அரங்கம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா 2020 ஜனவரியில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. மிருதங்கம் ஒலிக்கிற அறை, அதைச் செய்தவர்களைப் பற்றிய புத்தகத்துக்குக் கிடைக்கவில்லை. சென்னையில் ஒரு இதழியல் கல்லூரியில்தான் புத்தகம் வெளியானது.