விருந்தின் கடைசிக் கைப்பிடி

மேசை விரிப்பை எடுத்து, கைகழுவி முடித்த பிறகுதான் அது வரும். இடைக்கால பிரான்சின் செல்வர் வீடுகளில், வெள்ளித் தட்டில் சர்க்கரை பூசிய சோம்பு, மல்லி, இஞ்சித் துண்டுகள். கூடவே, மசாலா சேர்த்த இப்போக்ராஸ் என்னும் இனிப்பு ஒயின்.

உண்டதைச் செரிக்க வயிற்றுக்குச் சூடு வேண்டும் என்பது அன்றைய மருத்துவம். அதனால் இந்தச் சர்க்கரைப் பண்டம் மருந்தாகவும் நின்றது, தின்பண்டமாகவும் இனித்தது. 13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், செரிமானத்துக்காக இத்தகைய மருந்து இனிப்புகளை உண்டால் நோன்பு முறியாது என்றே தீர்ப்புச் சொன்னார். எவ்வளவு கனிவான தீர்ப்பு!

செய்முறைதான் உண்மையான அழகு. 1602இல் இங்கிலாந்தின் ஹியூ பிளாட் அதை விளக்கமாக எழுதினார். தணலுக்கு மேலே கயிற்றில் ஒரு பாத்திரம் தொங்கும். உள்ளே விதைகள். ஒரு கரண்டி பாகு ஊற்றி, கையால் கிளறி, உலர்ந்த பின்பே அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் விதைகள் ஒட்டிக்கொள்ளும். பாகை நன்றாக முற்றக் காய்ச்சி உயரத்திலிருந்து ஊற்றினால் மேற்பரப்பு முள்முள்ளாகும். இத்தனை பொறுமையும் ஒரு மல்லி விதைக்காக!

ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தில் ஆப்பிளோடு ஒரு தட்டு, சீரகம் போன்ற காரவே விதையும் விருந்தாகிறது. இத்தாலியத் திருவிழாக்களில் சர்க்கரை மல்லியை ஒருவர்மேல் ஒருவர் வீசி விளையாடினர்.

நம் உணவகங்களில் பில்லோடு வரும் வண்ணச் சோம்பு மிட்டாயும் இதே வகைப் பண்டம்தான். அடுத்த முறை ஒன்றை மெல்லாமல் நாவில் கரையவிட்டுப் பாருங்கள்.